பட்டாளத்துப் பிள்ளைகள் வளர்ந்த கதை



போர்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். எந்த அரசன் எந்தக் கோட்டையைப் பிடித்தான், எந்தத் தளபதி எந்த ஆண்டில் வெற்றி பெற்றான் என்பதெல்லாம் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டையைப் பிடிக்கப் போன சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரு மனைவி இருந்தாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பிள்ளை. அவர்கள் எங்கே தங்கினார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? தகப்பன் போர்க்களத்தில் இறந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இவற்றைப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை.

இன்றைய பேச்சில், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்த சாதாரணச் சிப்பாய்களின் குடும்ப வாழ்க்கையைப் பார்ப்போம். அவர்கள் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வேலை கொடுப்பவனே வீட்டையும் கொடுத்தால், அந்த வீட்டில் பிள்ளை வளர்ப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியும். பட்டாளத்துப் பெண்களும் அந்தப் பாடுதான் பட்டார்கள். அதோடு, அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்கும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதையும் சொல்கிறேன்.

முதலில் கல்யாணத்தைப் பற்றிப் பார்ப்போம். பிரிட்டிஷ் சிப்பாய் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. மேலதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருந்தது. குடும்பம் என்பது பட்டாளத்துக்குச் சுமை என்றே அதிகாரிகள் நினைத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூட வந்தால் படை வேகமாக நடக்காது, செலவும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அனுமதி கிடைத்தவனின் மனைவி பெயர் பட்டாளத்துப் பட்டியலில் ஏறும். நூறு பேருக்குச் சுமார் 6 பெண்கள் என்பதுதான் வழக்கமான அளவு. இந்தியாவுக்குப் போகும் படைகளுக்கு மட்டும் நூறு பேருக்கு 12 பெண்கள் வரை அனுமதித்தார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அனுமதி கேட்காமலே கல்யாணம் செய்துகொண்டார்கள். மனித மனத்தைப் பட்டியல் போட்டுத் தடுக்க முடியுமா? ஆனால் அப்படி மணந்த பெண் பட்டியலுக்கு வெளியே இருப்பவள். அவளுக்குத் தங்க இடம் இல்லை, உணவுப் பங்கு இல்லை, கணவன் வேறு நாட்டுக்குப் போனால் கூடப் போகும் உரிமையும் இல்லை. சிப்பாயின் சம்பளமோ 1797ஆம் ஆண்டிலிருந்து நாளுக்கு ஒரு ஷில்லிங். அதிலும் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வெளியே வாடகை வீட்டில் ஒரு குடும்பத்தை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பட்டியலில் பெயர் இருந்தவள் பாக்கியசாலி என்று நினைக்கலாம். அவளுடைய வீடு எப்படி இருந்தது தெரியுமா? இங்கிலாந்தில் 1792ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் பட்டாளத்துக்கென்று பெருமளவில் கொட்டடிகள் கட்டினார்கள். நீளமான ஓர் அறை. அதில் வரிசையாகக் கட்டில்கள். ஆண்கள் பலர் படுத்திருக்கும் அந்த அறையின் ஒரு மூலையில், ஒரு கயிற்றைக் கட்டி, அதன்மேல் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் அதுதான் குடும்பத்தின் வீடு. அந்தக் கம்பளித் திரைக்குப் பின்னால்தான் புருஷனும் மனைவியும் வாழ்ந்தார்கள். அங்கேதான் பிரசவமும் நடந்தது. பிறந்த பிள்ளையும் அங்கேதான் வளர்ந்தது. குடித்துவிட்டு வருகிறவன் பேசும் பேச்சு, சண்டை, ஏச்சு எல்லாம் அந்தப் பிள்ளையின் காதில் விழும். இரவில் சிறுநீர் கழிக்க அறைக்குள்ளேயே ஒரு மரத்தொட்டி வைத்திருப்பார்கள். அந்த நாற்றத்தில்தான் தாயும் சேயும் தூங்கினார்கள்.

விடியற்காலையில் ஊதுகொம்பு ஊதும். ஆண்கள் எழுந்து அணிவகுப்புக்குப் போவார்கள். பெண்களுக்கும் வேலை காத்திருக்கும். பட்டியலில் இருந்த பெண்கள் சிப்பாய்களின் துணிகளைத் துவைத்துக் கொடுத்து ஒரு சிறு கூலி பெற்றார்கள். துணி தைத்தார்கள், அதிகாரிகள் வீட்டில் வேலை செய்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். போர்க்காலத்தில் கூடப் போன மனைவிக்கு ஒரு சிப்பாயின் உணவில் பாதிப் பங்கும், பிள்ளைக்குக் கால் பங்கும் கிடைத்தது. ஏதாவது தவறு செய்தால் இந்தப் பங்கை நிறுத்திவிடலாம். பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடவும் அதிகாரிக்கு அதிகாரம் இருந்தது. அவள் வாயைத் திறந்து எதிர்த்துப் பேசத் தயங்கியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தை நம் தோட்டங்களில் பெரட்டு என்று சொல்வார்கள். அணிவகுப்பைக் குறிக்கும் பரேடு என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் பெரட்டு ஆயிற்று. லயம் என்ற சொல்லும் அப்படித்தான் வந்தது. வரிசை வீடுகளை ஆங்கிலத்தில் லைன்ஸ் என்பார்கள். பட்டாளத்தார் தங்கிய இடத்துக்கும் அதே பெயர்தான். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சிப்பாய் லைன்ஸ் என்ற இடப்பெயர் உண்டு. பழைய நாளில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடங்கள் அவை.

அந்தச் சிப்பாய்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1831, 1832ஆம் ஆண்டுகளில் மலாக்காவுக்கு அருகே நடந்த நானிங் போரில் மதராஸ் படைகள் கலந்துகொண்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்கும் மதராஸ் படைகள் வந்தன. மதராஸ் சிப்பாய்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வராமல், முகாமிலேயே குடும்பத்தோடு வாழ்வார்கள். கடல் கடந்து போக நேர்ந்தால், சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. சேவையில் இறந்த சிப்பாயின் மகனைச் சிறுவயதிலேயே பட்டியலில் சேர்த்து, ஒரு சிறு தொகை கொடுத்து வந்தார்கள். குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்க அது உதவியது. ஆனால் அந்தப் பையன் வளர்ந்ததும் தகப்பன் தூக்கிய துப்பாக்கியைத் தானும் தூக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

மறுபடியும் இங்கிலாந்துக்குப் போவோம். பட்டாளத்துக் குடும்பத்தின் வாழ்க்கையில் மிகக் கொடிய நாள் எது என்று கேட்டால், கப்பல் ஏறும் நாள்தான் என்று சொல்ல வேண்டும். நெப்போலியனை எதிர்த்து ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 1808 முதல் 1814 வரை நடந்த போருக்குப் படைகள் புறப்பட்டபோது, எந்த மனைவி கூடப் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். போகலாம், போகக்கூடாது என்று எழுதிய சீட்டுகளை ஒரு தொப்பியில் போடுவார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து எடுக்க வேண்டும். போகலாம் என்ற சீட்டு வந்தவள் பிள்ளையோடு கப்பல் ஏறலாம். மற்றவள் துறைமுகத்திலேயே கணவனை விட்டுப் பிரிய வேண்டும். சொந்த ஊருக்குப் போய்ச் சேர அவளுக்கு ஒரு சிறு வழிச்செலவு கிடைக்கும். அதற்குப் பிறகு ஊரார் கொடுக்கும் ஏழை உதவிதான் கதி.

அந்தக் காலத்துச் சிப்பாய்களில் பலர் ஆயுள் முழுவதும் சேவை செய்வதாக ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்கள். 1847ஆம் ஆண்டில்தான் சேவைக் காலத்தைக் குறைத்துச் சட்டம் வந்தது. ஆகவே, துறைமுகத்தில் பிரிந்த கணவனும் மனைவியும் மறுபடி சந்திப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பல பிள்ளைகளுக்குத் தகப்பன் முகமே நினைவில் இருந்திருக்காது.

கூடப் போன பெண்ணுக்கும் நிம்மதி இல்லை. மழையிலும் பனியிலும் படைக்குப் பின்னால் நடக்க வேண்டும். வழியிலேயே பிள்ளை பெற்று, மறுநாள் மறுபடி நடந்தவர்கள் உண்டு. கணவன் இறந்துவிட்டால் அவள் பட்டாளத்துக்கு வேண்டாதவள் ஆகிவிடுவாள். உணவுப் பங்கு நின்றுபோகும். இந்தியாவில் இருந்த படைகளில் கைம்பெண்ணுக்கு ஒரு குறுகிய காலத்துக்கு மட்டும் உதவி கொடுத்தார்கள். அதற்குள் அவள் வேறொரு சிப்பாயை மணந்துகொள்ள வேண்டும், இல்லையேல் பட்டாளத்தை விட்டுப் போக வேண்டும். கணவனைப் புதைத்த சில வாரங்களிலேயே இன்னொருவனை மணந்த பெண்களைச் சிலர் ஏளனமாகப் பேசினார்கள். பேசியவர்கள் அவளுடைய பிள்ளைகளின் வயிற்றை நினைத்துப் பார்க்கவில்லை.

நேயர்களே, இப்போது பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். நான் சொன்ன தொடர்பு இங்கேதான் வருகிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் பட்டணத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகள் பலர் ஆதரவில்லாமல் இருந்தார்கள். தகப்பன் வெள்ளைக்காரச் சிப்பாய், தாய் பெரும்பாலும் இந்நாட்டுப் பெண். தகப்பன் இறந்துபோவான், அல்லது கப்பல் ஏறிவிடுவான். பிள்ளை தெருவில் நிற்கும். இந்த நிலையைக் கண்டு 1787ஆம் ஆண்டில் பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆதரவு இல்லம் தொடங்கினார்கள். 1789ஆம் ஆண்டில் ஆண் பிள்ளைகளுக்கு எழும்பூரில் ஓர் இல்லம் ஏற்பட்டது. அதை நடத்தும் பொறுப்பை ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். அந்த வேலைக்கு அவர் சம்பளம் வாங்கவில்லை.

பிள்ளைகள் நிறையப் பேர். வாத்தியார்கள் சிலர்தான். அவர்களும் அக்கறையில்லாமல் பாடம் நடத்தினார்கள். என்ன செய்வது என்று பெல் யோசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தெழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். சிலேட்டு இல்லை, காகிதம் இல்லை, மையும் இல்லை. இருந்தும் பிள்ளைகள் எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். நம் பாட்டனார்கள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடம்தான் அது.

பெல் இல்லத்துக்குத் திரும்பி வந்து இதைச் செய்யும்படி வாத்தியாரிடம் சொன்னார். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே பெல் மாணவர்களிலிருந்தே ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தார். அவன் பெயர் ஜான் பிரிஸ்கன். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது சுமார் எட்டு. அவனைக் கொண்டு சிறு பிள்ளைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வாத்தியாரால் முடியாததை அந்தப் பையன் செய்துகாட்டினான். அதிலிருந்து, முன்னே படித்த பிள்ளை பின்னே வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பெல் பள்ளி முழுவதற்கும் கொண்டுவந்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருப்பாரே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

பெல் 1796ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே, சென்னையில் தாம் செய்து பார்த்த இந்தக் கல்வி முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது பரவியது. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ருஸ் என்ற ஊரில் அவருடைய நன்கொடையால் ஏற்பட்ட ஒரு பள்ளிக்கு மதராஸ் கல்லூரி என்றே பெயர். இன்றும் அந்தப் பள்ளி அதே பெயரில் இருக்கிறது.

இங்கிலாந்திலோ பட்டாளத்துப் பிள்ளைகளுக்கென்று 1801ஆம் ஆண்டில் லண்டன் செல்சியில் ஒரு பெரிய பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார்கள். யார்க் கோமகன் தொடங்கிய அந்த இல்லம் 1803ஆம் ஆண்டில் பிள்ளைகளை ஏற்றது. தகப்பனை இழந்த ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தார்கள். சென்னையில் பிறந்த முறை பின்னர் அங்கும் கைக்கொள்ளப்பட்டது. 1811ஆம் ஆண்டில் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்களோடு, அவர்களுடைய பிள்ளைகளும் அதில் படிக்கலாம். பெல்லின் முறைப்படியே பாடம் நடத்த வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 1840ஆம் ஆண்டில் பெண் பிள்ளைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளை அமர்த்த ஏற்பாடு ஆயிற்று.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இங்கிலாந்து அரசாங்கம் பொதுமக்கள் பள்ளிகளுக்கு முதன்முதலாகப் பணம் ஒதுக்கியது 1833ஆம் ஆண்டில்தான். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் 1880ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆனால் கம்பளித் திரைக்குப் பின்னால் பிறந்த சிப்பாயின் பிள்ளைக்கு, அதற்கும் எத்தனையோ ஆண்டுகள் முன்பே ஒரு பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. படை மால்டாவுக்குப் போனாலும், இந்தியாவுக்குப் போனாலும் பள்ளிக்கூடமும் கூடவே போனது. அதே முறையில் பிள்ளை விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர முடிந்தது.

இதில் குறைகளும் இருந்தன. மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளிகள் பிள்ளைகளை அடக்கம் உள்ள சிப்பாய்களாகவும் வேலைக்காரப் பெண்களாகவும் ஆக்குவதையே முக்கிய நோக்கமாகக் கொண்டிருந்தன. செல்சிப் பள்ளியின் பையன்கள் பலர் பட்டாளத்திலேயே சேர்ந்தார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதால் எழுத்து வரும், கணக்கு வரும், ஆனால் அதற்கு மேல் ஆழமான படிப்பு வராது. இதை உணர்ந்துதான் 1846ஆம் ஆண்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்ட ஒரு தனிப் பிரிவையே பட்டாளத்தில் ஏற்படுத்தினார்கள்.

இந்தியாவில் இன்னொரு சங்கடம். வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் கொட்டடிப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. மலைப்பகுதியில் வைத்து வளர்த்தால் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று கருதி, ஹென்றி லாரன்ஸ் என்ற அதிகாரி 1847ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்துச் சனாவரில் ஒரு பள்ளி தொடங்கினார். அதன் வழியில் 1858ஆம் ஆண்டில் உதகமண்டலத்திலும் ஒரு பள்ளி எழுந்தது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி என்று இன்றும் அது நடைபெறுகிறது. பிள்ளை பிழைத்தது உண்மை. ஆனால் அதற்காகத் தாய், சின்னஞ்சிறு பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரித்து மலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

வீட்டு வசதியோ படிப்பைவிடத் தாமதமாக வந்தது. கிரிமியப் போர் 1853 முதல் 1856 வரை நடந்தது. அதில் கைவிடப்பட்ட மனைவிகளையும் பிள்ளைகளையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பொதுமக்கள் மனம் இளகிற்று. கைம்பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் 1854ஆம் ஆண்டில் ஒரு பெரிய நிதி திரட்டப்பட்டது. 1857ஆம் ஆண்டில் கொட்டடிகளின் சுகாதாரத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். அதற்காகப் பெரிதும் பாடுபட்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். போர் இல்லாத காலத்திலும், கொட்டடியில் இருந்த சிப்பாய்கள் அதே வயதுடைய பொதுமக்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் இறந்தார்கள் என்பது அப்போது தெரியவந்தது. திடமான ஆண்களுக்கே இந்தக் கதி என்றால், அதே காற்றைச் சுவாசித்த கைக்குழந்தையின் கதியை நாமே எண்ணிப் பார்க்கலாம். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பங்களுக்குத் தனி அறையும் தனி வீடும் கட்டினார்கள். கம்பளித் திரை மறைந்தது.

பட்டியலுக்கு வெளியே இருந்த மனைவி இன்னும் அதிக காலம் காத்திருந்தாள். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபோது லட்சக்கணக்கான ஆண்கள் படையில் சேர வேண்டியிருந்தது. அப்போதுதான், அனுமதி பெற்று மணந்தவளா, பெறாமல் மணந்தவளா என்று பார்க்காமல், சிப்பாயின் மனைவிக்குப் படித்தொகை கொடுக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஆள் தேவைப்பட்டபோதுதான் அந்த ஆளின் பெண்டாட்டி பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே, இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டாளம் கொடுத்த மூலை பட்டாளத்துக்கே சொந்தம். தகப்பன் இறந்த அன்றே அது கைவிட்டுப் போகும். உணவுப் பங்கும் அப்படியே. துணி துவைக்கும் கூலியும் அப்படியே. ஆனால் மணலில் விரலால் எழுதிப் படித்த எழுத்தை மட்டும் எந்த அதிகாரியும் பட்டியலிலிருந்து அடிக்க முடியவில்லை. அது பிள்ளையோடு போயிற்று.

நம் கதையும் வேறல்ல. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் அது ஒரு கொட்டகைதான், ஒரே வாத்தியார்தான். சில இடங்களில் கணக்கெழுதும் கிராணியாரே பாடமும் நடத்தினார். பிற்காலத்தில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டுக் குடும்பங்கள் சாமான்களோடு வெளியேறின. அப்போது லயம் கூட வரவில்லை, பால்மரம் கூட வரவில்லை. அந்தக் கொட்டகையில் கற்றது மட்டும் கூட வந்தது.

ஆகவே, பெரட்டுக்குப் போய்விட்டு வந்த களைப்பிலும் பிள்ளையின் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்கச் சொன்ன நம் தாய்மார்களை வரலாறு மறக்கக்கூடாது. எழுத்தறியாத தாய்கூட, பிள்ளை உரக்கப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எழும்பூரில் எட்டு வயதுப் பையன் செய்ததை நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்ய முடியும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. விளக்கடியில் ஒரு பாயும், ஒரு மணி நேரமும் போதும்.